உப்புத் தண்ணி வீடு

துவரம்பருப்பு வேகவே இல்லை. குக்கர் விசில் மேல் விசில் அடித்து ஓய்ந்து, ஆவி அடங்கி, மூடியைத் திறந்து பார்த்தால் பருப்பு போட்ட மேனிக்கு முழுசு முழுசாகக் கிடக்கிறது. காசிமாயன் கரண்டி நுனியில் ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். அது நசுங்காமல் வழுக்கிக்கொண்டு போய் மேடையில் விழுந்தது.

கோயமுத்தூருக்குப் போன் போட்டார். மகள் திவ்யா வீட்டில் இருக்கிற மனைவி பாண்டீஸ்வரிதான் எடுத்தாள்.

"ஈஸ்வரி, இந்தப் பருப்பு பழைய பருப்பா? வேகவே மாட்டேங்குது."

"என்ன தண்ணி ஊத்துனீங்க?"

"குழாத் தண்ணிதான்."

"எந்தக் குழா?"

"சமையக்கட்டுல எத்தன குழா இருக்கு? இருக்குறது ஒண்ணுதான."

அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்டது. "ஏங்க, அது போர்த் தண்ணி. உப்புத் தண்ணில பருப்பு எப்பிடி வேகும்? கேன் தண்ணி ஊத்தணும்."

"அப்ப இம்புட்டு வருசமா கேன் தண்ணிலயா சாம்பார் வச்ச?"

"கேன் வாரதுக்கு முந்தி தெருக்குழாயில நல்ல தண்ணி வரும்போது புடிச்சு வச்சுக்கிருவேன். பருப்புக்கும் டீக்கும் எப்பவும் அதுதான்."

"எனக்குத் தெரியாதே."

"நீங்க எங்க கேட்டீங்க?" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அதற்குள் பின்னால் பேரன் எதையோ போட்டு உடைக்கிற சத்தம். "வைக்கிறேங்க, இவன் ஒரு நிமிசம் நிக்க மாட்டேங்குறான்" என்று வைத்துவிட்டாள்.

காசிமாயன் அந்தப் பருப்பைக் கீழே கொட்ட மனசில்லாமல் ரசம் மாதிரி கலக்கிக் குடித்தார்.

திருமங்கலத்தில் பம்ப்செட் சாமான் கடை வைத்திருந்தவர் அவர். ஃபுட் வால்வு, வாஷர், பிவிசி பைப்பு, மோட்டார் பேரிங் எல்லாம் அவரிடம் கிடைக்கும். உசிலம்பட்டிப் பக்கம் வரைக்கும் விவசாயிகள் அவர் கடைக்குத்தான் வருவார்கள். எந்தப் பம்பு தண்ணி எடுக்கவில்லை என்றாலும் இரண்டு கேள்வி கேட்டு, எந்தச் சாமான் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். விடிந்ததும் திருநகர் வீட்டிலிருந்து கிளம்பினால் கடையைச் சாத்திவிட்டு ராத்திரிதான் வருவார். பிறகு ரோட்டை அகலப்படுத்தினார்கள். கடையின் முன்பாதி போனது. கட்டடக்காரர் மிச்சத்தையும் இடித்துக் கட்டப் போகிறேன் என்றார். காசிமாயனுக்கும் முட்டி வலி வந்துவிட்டது. கடையை முடித்துவிட்டு வீட்டோடு வந்து உட்கார்ந்தார்.

அவர் வீட்டுக்கு வந்த நேரம் பாண்டீஸ்வரி கிளம்பிப் போயிருந்தாள். திவ்யாவுக்கு இரண்டாவது பிரசவம். ஐ.டி. வேலை, லீவு கிடையாது. "கொஞ்ச மாசம் இருந்துட்டு வந்துர்றேன்" என்று போனவள்தான். இப்போது அந்தப் பேரன் ஓடுகிறான், ஏறுகிறான், போட்டு உடைக்கிறான்.

இவரும் கூடப் போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவர் போக மாட்டார். பெண் கொடுத்த வீட்டில் தகப்பன் போய்த் தங்குவது அவர்கள் பக்கத்தில் வழக்கமில்லை. போனால் பலகாரத்தை வைத்துவிட்டு, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, அன்றைக்கே பஸ் ஏறிவிட வேண்டும். திவ்யா கல்யாணத்தன்றைக்கே மண்டபத்தில் நாலு பேர் கேட்கச் சொன்னார்: "எங்கப்பா எங்கக்கா வீட்டுல ஒரு ராத்திரி படுத்ததில்ல. நானும் அப்பிடித்தான்." பேரனுக்குப் பெயர் வைத்தபோதுகூடச் சாப்பிட்ட கையோடு கிளம்பி வந்துவிட்டார்.

அதனால் இந்த வீட்டில் அவர் தனியாக இருந்தார். மெஸ்ஸில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டு, டாக்டர் திட்டின பிறகுதான் இந்தச் சமையல். காலையில் வாசலைக் கூட்டுவார். பேப்பர் படிப்பார். பிறகு அந்த நாளை என்ன செய்வது என்று தெரியாது. பக்கத்து வீடுகளில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். மத்தியானம் தெருவே அடைத்துக் கிடக்கும். டிவியைப் போட்டு வைத்துக்கொண்டு அடுத்த அறையில் படுத்திருப்பார். பேச்சுச் சத்தம் கேட்டால் போதும் அவருக்கு.

"எப்ப வார?" என்று ஒவ்வொரு தடவை பேசும்போதும் கேட்பார்.

முதலில் 'அடுத்த மாசம்' என்றாள். பிறகு 'இவனுக்குத் தடுப்பூசி இருக்கு' என்றாள். பிறகு ஒரு நாள்தான் தண்ணியைச் சொன்னாள்.

"அங்க வந்து தலைக்கு ஊத்துனா கொத்துக் கொத்தா முடி வருதுங்க. காலெல்லாம் வெள்ள பூத்துச் சொறியுது. இங்க சிறுவாணித் தண்ணி. சோப்பு லேசாத் தொட்டாலே நொரைக்குது. பட்டு மாதிரி இருக்கு. இதுல குளிச்சுப் பழகிட்டு, அதுல எப்பிடிக் குளிக்க?"

குலதெய்வக் கும்பிடுக்கு வந்தபோது அவர் கண்ணாலேயே பார்த்தார். குளித்துவிட்டு வந்து தலை சீவினவள், சீப்பிலிருந்த முடியை உருட்டி அவர் முன்னால் காட்டினாள். "பாத்தீங்களா?" என்றாள். மறுநாளே கிளம்பிப் போனாள்.

காசிமாயனுக்கு அப்போது ஒரு பக்கம் வருத்தம் என்றாலும் இன்னொரு பக்கம் நிம்மதி. ஏனென்றால் தண்ணிதான் பிரச்சினை என்றால் அது அவருக்குத் தெரிந்த பிரச்சினை. கிணற்றுப் பைப்பு உள்ளுக்குள் சுண்ணாம்பு கட்டி, கை விரல் நுழையாத அளவுக்கு அடைத்துப் போவதை எத்தனையோ பார்த்திருக்கிறார். எதற்கும் ஒரு சாமான் உண்டு. அதை மாட்டினால் ஓடும். தண்ணியைச் சரி பண்ணிவிட்டால் அவள் வந்துவிடுவாள்.

பருப்பு வேகாத அன்றைக்கே பஸ் ஏறித் திருமங்கலம் போனார். அவர் கடை இருந்த இடத்துக்கு எதிரே பெயிண்டுக் கடை வைத்திருக்கும் கருத்தக்கண்ணன் பழைய சேக்காளி. இரண்டு பேரும் டீ குடித்தார்கள்.

"மாப்ள, எங்க அப்பார்ட்மெண்டு வீட்டுல மகன் ஒரு மெசின் மாட்டியிருக்கான்யா. சாஃப்ட்னர். உப்புத் தண்ணிய நல்ல தண்ணி ஆக்கிருது. ஆனா அதுல ஒரு கூத்து கேளு. அந்த மெசினுக்குள்ள உப்பு அள்ளிக் கொட்டணும்."

"என்னய்யா சொல்ற? உப்ப எடுக்குறதுக்கு உப்பா?"

"நானும் அதத்தான் கேட்டேன். அவன் என்னமோ இங்கிலீசுல சொன்னான். சரிப்பா, கொட்டு, சொத்தெல்லாம் கொட்டி வீடு வாங்குனவனுக்கு உப்பு என்ன பெருசுன்னு விட்டுட்டேன்."

"தண்ணி எப்பிடி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. மருமக குளிச்சிட்டு வெளிய வரவே மாட்டேங்குது. டேங்க் காலி." கருத்தக்கண்ணன் டீயை உறிஞ்சிக்கொண்டே அவரைப் பார்த்தார். "ஒத்த ஆளுக்கு எதுக்கு மாப்ள ஒனக்கு மெசினு? ஒனக்குத்தான் கொட்டுறதுக்கு முடியே இல்லையே."

"ஈஸ்வரி வரப் போகுது."

"சொல்லிருச்சா?"

"தண்ணி சரியில்லன்னுதான வரல."

கருத்தக்கண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கிளாஸைக் கழுவுகிற வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "மெசினு மாட்டுன பயலோட நம்பர் தாரேன். மருதுன்னு பேரு. நல்லா வேலை பாப்பான்" என்றார்.

மருது பசுமலையிலிருந்து வந்தான். முதலில் இரண்டு பாட்டிலில் தண்ணி பிடித்து, சோப்புக் கரைசல் கொஞ்சம் விட்டு, இரண்டையும் குலுக்கிக் காட்டினான். அவன் கொண்டுவந்த தண்ணி பாட்டில் கழுத்து வரைக்கும் நுரை கட்டி நின்றது. வீட்டுத் தண்ணியில் நுரையே இல்லை. பால் திரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாக மிதந்தது.

"பாத்தீங்களாண்ணே. நம்ம உப்புத் தண்ணின்னு சொல்றோம். இது கறி உப்பு இல்ல, சுண்ணாம்புச் சத்து. சோப்ப நொரைக்க விடாது. பருப்ப வேக விடாது. மெசினு அந்தச் சுண்ணாம்பப் புடிச்சு வச்சுக்கிட்டுத் தண்ணிய விடும். புடிச்சுப் புடிச்சு அதுக்கு வயிறு ரொம்பிப் போயிரும்ல, அப்ப உப்புத் தண்ணிய விட்டுக் கழுவி எடுக்கணும். கல்லுப்பு அதுக்குத்தான்."

"இது குடிக்கலாமா?"

"குடிக்கிறதுக்கு இப்ப மாதிரியே கேன் வச்சுக்கங்க. ருசி ஒண்ணும் மாறிராது. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவத்தான் இது. கழுவி வார தண்ணிய மட்டும் நேரா சாக்கடைக்கு விட்டுருங்க. ஓஸ் கொஞ்சம் பத்தல, நாளைக்கு வந்து நீட்டி விடுறேன்."

"ஓஸு வேலைய நான் பாத்துக்கிறேன். அம்புட்டு வருசம் பைப்பு வித்தவன்."

மருது போனதும் மிச்சம் கிடந்த பைப்பை எடுத்து அவரே ஒட்டினார். சாக்கடை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனவர் அங்கே நின்றுவிட்டார். மானாவாரிக் காட்டில் பிறந்தவர். ஒரு மழை தவறினால் வருசமே போய்விடும் என்று பார்த்து வளர்ந்தவர். வாளி வாளியாகத் தண்ணியைச் சாக்கடையில் விட அவருக்குக் கை வரவில்லை. மனுசன் குடிக்கத்தான் ஆகாது, மரத்துக்கு என்ன என்று நினைத்தார். பைப்பைத் திருப்பி, பாண்டீஸ்வரி வைத்து வளர்த்த கறிவேப்பிலை மரத்தடியில் கொண்டுபோய் விட்டார்.

அன்றைக்கு மெசின் தண்ணியில் முதல் குளியல். சோப்புப் போட்டார். நுரை பொங்கிக்கொண்டு வந்தது. தண்ணி ஊற்றினார். சோப்புப் போகவில்லை. உடம்பெல்லாம் வழவழவென்று இருந்தது. இன்னும் ஊற்றினார். இன்னும் வழுக்கியது. வாளி காலியாகி மறுபடி பிடித்து ஊற்றியும் அப்படியே. துண்டைக் கட்டிக்கொண்டு வந்து மருதுவுக்குப் போன் போட்டார்.

"தம்பி, மெசின்ல எதோ கோளாறு. சோப்பு போகவே மாட்டேங்குது."

மருது சிரித்தான். "போயிருச்சுண்ணே. எல்லா வீட்டுலயும் மொத நாளு இப்பிடித்தான் போன் வரும். நல்ல தண்ணில குளிச்சா ஒடம்பு அப்பிடித்தான் இருக்கும். உப்புத் தண்ணில குளிச்சா கையி கரகரன்னு நிக்கும்ல, அதான் சுத்தம்னு நமக்குப் பழக்கம். அது சுத்தம் இல்லண்ணே. சோப்பும் சுண்ணாம்பும் சேந்து தோல்ல படிஞ்சு கெடக்குறது. துவட்டிட்டுப் போயி ஒக்காருங்க."

போய் உட்கார்ந்தார். கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். யாருடைய கையோ மாதிரி இருந்தது. பட்டு மாதிரி என்று அவள் சொன்னது இதைத்தான் போல.

பாண்டீஸ்வரிக்குச் சொன்னார். "வீட்டுல இப்ப நல்ல தண்ணி வருது. ஒங்க சிறுவாணி மாதிரி."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"கேக்குதா?"

"கேக்குது. மெசினா வாங்குனீங்க?"

"ஆமா."

"எனக்காகவா?"

"பின்ன, எனக்கென்ன முடியா இருக்கு."

அதற்கும் அவள் சிரிக்கவில்லை. "சரிங்க. வந்து பாக்குறேன்" என்றாள்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு காசிமாயன் வேலையில் இறங்கினார். குளியலறைச் சுவர் முழுக்க உப்புப் படிந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டுக் கட்டியிருந்தது. ஆசிட் ஊற்றித் தேய்த்தார். குழாய்களைக் கழற்றி ஊறப்போட்டு, வாஷர் மாற்றி மாட்டினார். பூத்துப்போன வாளியையும் மக்கையும் எடுத்தெறிந்துவிட்டுப் புதுசு வாங்கினார். கண்ணாடியில் தெறித்துக் காய்ந்திருந்த புள்ளிகள் மட்டும் போகவில்லை. வினிகர் தொட்டுத் துடைத்தால் போகும் என்று யூடியூபில் பார்த்துத் துடைத்தார். முட்டி வலியோடு ஸ்டூலில் ஏறி இறங்கி இத்தனையும் செய்தார். கடையை மூடின பிறகு பொழுது போனது தெரியாமல் போனது அந்த நாட்களில்தான்.

கறிவேப்பிலை மரத்தை அவர் கவனிக்கவில்லை. கவனித்தபோது இலை ஓரமெல்லாம் கருகியிருந்தது. பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் தெளித்தார். மருதுவிடம் கேட்டதும்தான், "அய்யோ அண்ணே, அது அம்புட்டும் கல்லுப்புத் தண்ணியாச்சே" என்றான். பைப்பை எடுத்துச் சாக்கடையில் விட்டார். மரத்துக்குக் கேன் தண்ணியாக ஊற்றினார். அதற்குள் பாதிக் கிளை மொட்டையாகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினாள் பாண்டீஸ்வரி. கையில் ஒரே ஒரு கட்டைப்பை. மிச்சச் சாமானெல்லாம் பிறகு வரும் என்று அவர் நினைத்துக்கொண்டார். பைக்கில் ஏறி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். பழங்காநத்தம் தாண்டும்வரை அவர் மெசினைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தார். டிராபிக் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதோ என்னவோ, "ம், ம்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் "மொதல்ல போயிக் குளி" என்றார்.

அவள் குளிக்கப் போனாள். அவர் கதவுக்கு இந்தப் பக்கம் ஹாலில் நின்றார். தண்ணி விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெகுநேரம் குளித்தாள். பரீட்சை எழுதிய பிள்ளையின் ரிசல்ட்டுக்கு நிற்பது போல நின்றார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தவள், அவர் அங்கேயே நிற்பதைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்தாள்.

"எப்பிடி?"

"நல்லாத்தான் இருக்கு."

"சோப்பு?"

"நொரைக்குது. அங்க மாதிரியேதான் இருக்கு." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சொவத்தெல்லாம் நீங்களா தேச்சீங்க?" என்றாள்.

"பின்ன யாரு?"

அவள் அவருடைய கையைப் பார்த்தாள். ஆசிட் பட்டு விரல் நுனி தோல் உரிந்திருந்தது. பிறகு சமையல்கட்டுக்குப் போனாள். தாளிக்கக் கறிவேப்பிலை பறிக்கப் பின்பக்கம் போனவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"மரத்துக்கு என்னாச்சு?"

சொன்னார். தண்ணி வீணாகப் போகிறதே என்று நினைத்ததையும் சொன்னார். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள், "விடுங்க. தளுத்தாத் தளுக்கட்டும், இல்லன்னா வேற ஒண்ணு வச்சுக்கலாம்" என்றாள். வச்சுக்கலாம் என்று அவள் சொன்னதை அன்றைக்கு முழுக்க அவர் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். போகிறவள் அப்படிச் சொல்வாளா?

சனிக்கிழமை துணி துவைத்தாள். "வெள்ள வேட்டி எப்பிடி வெளுத்திருக்கு பாரு" என்று அவர்தான் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை தலை சீவும்போது பக்கத்தில் போய் நின்று சீப்பை வாங்கிப் பார்த்தார். நாலைந்து முடிதான். "பாத்தியா?" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஈஸ்வரி, ஒன் சேலை துணிமணியெல்லாம் திவ்யாவ ஒரு பெட்டில கட்டி பார்சல்ல போடச் சொல்லிருவமா? நீ எதுக்குத் தூக்கிச் சொமந்துக்கிட்டு."

அவள் கை நின்றது.

"நாளைக்குக் காலைல கெளம்புறேங்க. மாப்ள டிக்கெட் போட்டுட்டாரு."

"எதுக்கு?"

"எதுக்குன்னா?"

"தண்ணி நல்லாருக்குன்னியே."

"நல்லாத்தான் இருக்கு."

"முடி கொட்டல. சொறியல. அப்பறம் என்ன? குடிக்கிறதுக்கும் தனியா ஒரு மெசினு இருக்குன்னு மருது சொன்னான். அதையும் வேணும்னா..."

"தண்ணிய விடுங்க" என்றாள் பாண்டீஸ்வரி. மடித்த வேட்டியை மடியிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்தாள். "நான் தண்ணியினால போகலங்க. இதே தண்ணிலதான இம்புட்டு வருசம் குளிச்சேன். முடி அப்பவும் கொட்டுச்சு. சுருட்டி எறிஞ்சிட்டு வேலையப் பாத்தேன்."

"அப்ப ஏன் தண்ணியச் சொன்ன?"

"வேற என்னத்தச் சொல்ல? இந்த வீட்டுல வந்து இருக்கப் புடிக்கலன்னு போன்ல சொல்லவா? தண்ணின்னு சொன்னா ஒங்களுக்கும் நோகாது. கேக்குற சனத்துக்கும் ஒரு பதில் ஆச்சு. நீங்க போயி மெசினு வாங்கிட்டு வருவீங்கன்னு நான் என்ன கண்டேன்?"

வெளியே யாரோ ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அது கிளம்பிப் போன பிறகு அவர் கேட்டார்.

"என்னையப் புடிக்கலையா?"

"அப்பிடிச் சொல்வனா? நீங்க நல்ல மனுசன். குடிச்சதில்ல, கை நீட்டுனதில்ல. ஆனா காலைல சாப்பாட்டு டப்பாவத் தூக்கிட்டுப் போனா ராத்திரி காலி டப்பாவக் கொண்டாந்து வைப்பீங்க. நியூஸ் பாப்பீங்க. படுத்துருவீங்க. திவ்யா காலேஜுக்குப் போனப்பறம் ஒரு பகல் பூரா நான் வாயே தொறக்காம இருந்துருக்கேன். சில நாளு என் கொரலே எனக்குப் புதுசா இருக்கும்."

"கடைய யாரு பாக்குறது?"

"கடையக் குத்தம் சொல்லல. சோறு போட்ட கடை. நான் எப்பிடி இருந்தேன்னு சொல்றேன், அம்புட்டுத்தான்."

அவள் அடுத்த துணியை எடுத்தாள். மடிக்கவில்லை.

"அங்க சாயங்காலமானா கீழ பார்க்குல நாங்க கொஞ்சப் பேரு ஒக்காருவோம். ஒருத்தி பாலக்காட்டுக்காரி. ஒருத்தி திருப்பூரு. என்னைய ஈஸ்வரிக்கான்னு கூப்புடுறாங்க. நான் பேசுனா விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. நான் சிரிக்கச் சிரிக்கப் பேசுவேன்னு எனக்கே அங்க போயித்தான் தெரிஞ்சுச்சு."

காசிமாயன் யோசித்துப் பார்த்தார். அவள் சொல்லி அவர் சிரித்தது எப்போது என்று. எதுவும் நினைவுக்கு வரவில்லை. அவள் சொல்லியிருப்பாள். அவர்தான் நியூஸ் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்.

"இப்பத்தான் கடை இல்லையே. நான் வீட்டுலதான கெடக்கேன்."

"இருக்கீங்க. வெள்ளிக்கிழமைலருந்து தண்ணியத் தவிர வேற எதாச்சும் என்கிட்டப் பேசுனீங்களா?"

அவர் வெள்ளிக்கிழமையிலிருந்து எண்ணிப் பார்த்தார்: சோப்பு, வேட்டி, சீப்பு.

நானும் அங்கேயே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொல் நாக்கு வரைக்கும் வந்தது. மண்டபத்தில் நாலு பேர் முன்னால் சொன்னதும், அப்பா முகமும் குறுக்கே வந்து நின்றன. இரண்டையும் தள்ளிவிட்டுச் சொல்லத்தான் பார்த்தார்.

"வேணும்னா நான்..."

"நீங்க அங்க வந்தா மறுநாளே பஸ்ஸு எப்பன்னு கேப்பீங்க" என்றாள் அவள் முந்திக்கொண்டு. சிரிக்கிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அவர் அங்கே வருவதை அவள் விரும்பவில்லை என்பது காசிமாயனுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பார்க்கு அவளுடையது. அங்கே அவள் வேறொருத்தியாக இருக்கிறாள். இவர் போய் நின்றால் மறுபடியும் கடைக்காரர் வீட்டம்மா ஆகிவிடுவாள்.

"மாசம் ஒருக்க வாரேன்" என்றாள். "பெரியவனுக்கு லீவு விட்டா ரெண்டு பயலுகளையும் கூட்டிட்டு வாரேன். நான் ஒண்ணும் ஒரேயடியாப் போயிரல."

"சரி."

"கோவமா?"

"இல்ல."

கோபம் இல்லைதான். கோபமாக இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் ஆரப்பாளையத்தில் கொண்டுபோய் விட்டார். ஜன்னல் சீட் கிடைத்தது. தண்ணி பாட்டிலும் கடலைமிட்டாயும் வாங்கிக் கொடுத்தார். "மாத்திரைய நேரத்துக்குப் போடுங்க" என்றாள். "ம்" என்றார். பஸ் பின்பக்கமாக நகர்ந்து திரும்பியது. கண்டக்டர் கதவைத் தட்டினார். அவள் கையை வெளியே நீட்டி அசைத்தாள். பஸ் பாலத்துப் பக்கம் திரும்பி மறைந்த பிறகும், அடுத்த பஸ் அந்த இடத்தில் வந்து நின்று ஆள் ஏற்றும் வரைக்கும், அவர் அங்கேயே நின்றார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் போல அவர் போன் போடவில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை. 'எப்ப வார' என்று கேட்க முடியாது. தண்ணியைப் பற்றிப் பேச முடியாது. அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் அவளிடம் பேச அவரிடம் வேறு எதுவும் இல்லை. இது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. கடையில் முன்பின் தெரியாத ஆள் வந்து நின்றால்கூட, ஊர் எது, மழை உண்டா, கிணறு எத்தனை ஆழம் என்று அரைமணி நேரம் பேசுவார்.

ஒரு நாள் சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தார். போட்டார். அவள் எடுத்ததும் பின்னால் பொம்பளைகள் பேசுகிற சத்தம் கேட்டது. பார்க்கில் இருக்கிறாள்.

"என்னங்க, ஒடம்பு எதும் சரியில்லையா?" என்றாள் உடனே.

"இல்ல, நல்லாத்தான் இருக்கேன்."

"அப்பறம்?"

"சும்மாதான். இன்னைக்கு என்ன பண்ணுன?"

"நானா?" அவளுக்குப் புரியவில்லை. "எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மா கேட்டேன்."

அவள் எழுந்து தள்ளிப் போகிறாள் போல, பேச்சுச் சத்தம் குறைந்தது. "என்னத்தப் பண்ணுனேன். காலைல இட்லி. பெரியவன் ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு செருப்ப ஒளிச்சு வச்சுட்டான். தேடுறோம் தேடுறோம், கெடைக்கல. கடைசில பாத்தா பிரிட்ஜுக்குள்ள, கத்திரிக்காகூட கெடக்குது. மாப்ள ஒண்ணும் சொல்லாம அந்தச் சில்லுனு இருக்குற செருப்ப எடுத்து அவன் கால்லயே மாட்டி விட்டுட்டாரு. வண்டில ஏறுற வரைக்கும் குதிச்சுக்கிட்டே போறான்."

காசிமாயன் சிரித்தார். கொஞ்சம் தாமதமாக, வாயைத் திறக்காமல். அவளுக்குக் கேட்டிருக்காது.

"இருக்கீங்களா?"

"இருக்கேன். சொல்லு."

"அம்புட்டுத்தான். நீங்க என்ன பண்ணுனீங்க?"

அவர் தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டில் இன்னும் யாரும் வரவில்லை. பூட்டுத் தொங்கியது.

"நான் ஒண்ணும் பண்ணல" என்றார். "நீ சொல்லு. வேற?"